‘எனேபிள்’ போட்டுவிட்டால் ஓடுகிறது என்று அர்த்தமா?

குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://ஃப்ளாக்ஸ் என்று தட்டி, அங்கே வரும் தேடல் பெட்டியில் ‘குவிக்’ என்று போட்டால், ‘எக்ஸ்பெரிமென்டல் குவிக் புரோட்டோகால்’ என்ற வரி வரும். குவிக் என்பது தளத்தின் தரவைப் பிரவுசருக்குக் கொண்டுவரும் புதிய நெறிமுறை (புரோட்டோகால்), அதாவது இரு கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை. பக்கத்திலேயே டிஃபால்ட், எனேபிள்டு, டிசேபிள்டு என்று மூன்று தேர்வுகள். இணைய வேகத்தைக் கூட்ட வழி சொல்கிறவர்கள் முதலில் கைவைக்கச் சொல்வது இதில்தான். எனேபிள்டு ஆக்கி, பிரவுசரை மூடித் திறந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குரோமில் டிஃபால்ட் என்றாலே குவிக் ஆனில் இருக்கிறது என்று பொருள், பல ஆண்டுகளாகவே. ஏற்கெனவே எரிகிற விளக்குக்கு இன்னொரு முறை சுவிட்சு போட்ட கதை.

(முகவரிகளையும் செட்டிங் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், வேறு மாற்றம் வேண்டாம்.)

பிரவுசரில் ஒரு நெறிமுறையை ஆன் செய்வதும் டார்க் மோடை ஆன் செய்வதும் ஒன்றல்ல. டார்க் மோடு உங்களுக்கும் பிரவுசருக்கும் இடையே முடிகிற விஷயம். நெறிமுறைக்கு மூன்று பேர் சம்மதம் வேண்டும்: பிரவுசர், எதிர்முனை சர்வர், நடுவில் இருக்கும் ரவுட்டர், ஃபயர்வால், விபிஎன் வகையறா. மூவரில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் பிரவுசர் சத்தமில்லாமல் பழைய நெறிமுறைக்கு இறங்கிவிடும். பக்கம் திறக்கும், படம் வரும், நீங்கள் ஆன் செய்தது ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே எந்தச் சுவிட்சையும் தொடுவதற்கு முன்னால், இப்போது எது ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்கும் இடம்

எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலுக்குப் போய், ‘நேம்’ என்ற நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து, பட்டியலில் ‘புரோட்டோகால்’ என்பதை டிக் செய்யுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வழிதான். இனி ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே எச்டிடிபி/1.1, எச்2, எச்3 இவற்றில் ஒன்று தெரியும். பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையின் பதிப்புகள் இவை; எச்2 என்பது எச்டிடிபி/2, எச்3 என்பது எச்டிடிபி/3.

எச்டிடிபி/3 தருகிற ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் எச்2 என்று இருக்கலாம். ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம், இரண்டு மூன்று முறை ரீலோடு செய்யுங்கள். இப்போது எச்3 வரும். காரணம் இதுதான்: எச்டிடிபி/2 வரை எல்லாம் டிசிபி மேல் ஓடியவை (டிசிபி, யுடிபி இரண்டும் தரவுப் பொட்டலங்களை அனுப்பும் அடிப்படை முறைகள்). எச்டிடிபி/3 ஓடுவது குவிக் மேல், குவிக் ஓடுவது யுடிபி மேல். முன்பின் பழகாத சர்வர் யுடிபியில் பதில் சொல்லுமா என்று பிரவுசருக்குத் தெரியாது. அதனால் முதலில் பழைய வழியிலேயே போகிறது. சர்வர் தன் பதிலோடு ‘ஆல்ட்-எஸ்விசி’ என்றொரு ஹெடரை (தலைக்குறிப்பை) அனுப்புகிறது. முதல் வரியைக் கிளிக் செய்து ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸ் பகுதியில் தேடினால் எச்3=":443"; எம்ஏ=86400 என்பது போல இருக்கும். 443ஆம் போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) எச்டிடிபி/3க்கும் ஆள் இருக்கிறது, இந்தத் தகவலை 86,400 வினாடி, அதாவது ஒரு நாள் நினைவில் வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். அடுத்த இணைப்பில்தான் பிரவுசர் புது வழியை முயல்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் எச்2 இணைப்பு உயிரோடு இருந்தால் ரீலோடு அதிலேயே போய்விடும், அதனால்தான் இரண்டு மூன்று முறை என்றேன்.

முதல் முறையிலேயே எச்3 வருகிற தளங்களும் உண்டு. அவை இதே தகவலை டிஎன்எஸ்ஸிலேயே (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் ஏற்பாட்டிலேயே) ‘எச்டிடிபிஎஸ்’ வகைப் பதிவாக வைத்திருக்கின்றன. 2023இல் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 9460 ஆக வெளிவந்த ஏற்பாடு அது.

இந்த நினைவுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. குவிக் ஒருமுறை தோற்றால் குரோம் அந்தத் தளத்தை ‘உடைந்தது’ என்று குறித்துவைத்துச் சில நிமிடங்களுக்கு அந்தப் பக்கமே போகாது. மறுபடி தோற்றால் காத்திருப்பு நீளும். ஃபயர்வாலைச் சரிசெய்துவிட்டு உடனே சோதித்தவர்கள் ‘இன்னும் எச்2தான் வருகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால். இன்காக்னிட்டோ சன்னல்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்து சோதியுங்கள், அதற்குப் பழைய நினைவு கிடையாது.

டெவலப்பர் கருவிகள் இல்லாத கைபேசியில் பார்க்க ஒரு குறுக்குவழி: கிளவுட்ஃப்ளேர்.காம்/சிடிஎன்-சிஜிஐ/டிரேஸ். வெறும் எழுத்தாக ஒரு பக்கம் வரும். அதில் எச்டிடிபி, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பூட்டும் முறை), எஸ்என்ஐ (இது என்ன என்று பின்னால் வருகிறது) என்ற மூன்று வரிகள் நமக்கு வேண்டியவை. இதையும் இரண்டு முறை திறந்து பாருங்கள்.

குவிக் எங்கே தடுக்கி விழுகிறது

முதல் சந்தேகம் யுடிபி 443. நிறுவன ஃபயர்வால்கள் பலவற்றில் டிசிபி 443 திறந்திருக்கும், யுடிபி 443 மூடியிருக்கும். பெரும்பாலும் வேண்டுமென்றே செய்ததுதான். அவர்களுடைய வடிகட்டும் பெட்டிக்கு எச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கத் தெரியும், குவிக்கைப் பார்க்கத் தெரியாது. அங்கே உங்கள் பக்கம் எந்த ஃப்ளாகும் உதவாது.

இரண்டாவது, பொட்டலத்தின் அளவு. குவிக் இணைப்பைத் தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் யுடிபி பொட்டலத்தின் உள்ளடக்கம் குறைந்தது 1200 பைட் இருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 9000. சொல்ல வேண்டிய சேதி சிறியதாக இருந்தாலும் வெற்றுப் பைட்டுகளை அடைத்து 1200 ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். அதோடு யுடிபி தலைப்பு 8, ஐபிவி6 தலைப்பு 40 சேர்த்தால் 1248. ஐபிவி6 எந்தப் பாதையிலும் 1280 பைட் தாங்கியாக வேண்டும் என்பதால் இது சரியாகப் பொருந்துகிறது. ஆனால் விபிஎன்னுக்குள் இன்னொரு விபிஎன், அல்லது எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) கையால் 1200க்குக் குறைத்துவைத்த விபிஎன் டனல் என்றால் பொட்டலம் நுழையாது. குவிக் பொட்டலத்தை வழியில் துண்டாடவும் அனுமதி இல்லை. விளைவு, விபிஎன் போட்டால் மட்டும் ஒவ்வொரு புதுத் தளமும் ஒரு கணம் தயங்கிவிட்டுத் திறக்கும். டனலின் எம்டியுவை 1280க்கு மேல் கூட்டிவைத்தால் பெரும்பாலும் தீரும்.

மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதே இல்லை: ஆன்டிவைரஸ். எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் செய்யும் மென்பொருள் தன் சொந்த ரூட் சான்றிதழை (தளங்களின் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் மூலச் சான்றிதழை) கணினியில் பதித்து, உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் இப்படி வெளியார் ரூட் சான்றிதழைக் கண்டால் எச்டிடிபி/3ஐத் தானாகவே அணைத்துவிடும். அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் ‘எச்டிடிபி3’ என்று தேடுங்கள். நெட்வொர்க்.எச்டிடிபி.எச்டிடிபி3.எனேபிள் என்பது ட்ரூ என்றே இருக்கும். கீழேயே ‘டிசேபிள்_வென்_தர்டு_பார்ட்டி_ரூட்ஸ்_ஃபவுண்ட்’ என்று முடியும் இன்னொரு வரியும் இருக்கும். சுவிட்சு ஆனில் இருந்தும் ஓடாததன் ரகசியம் அந்த வரியில்தான். குரோமும் கையால் பதித்த ரூட் சான்றிதழைக் குவிக்கில் ஏற்பதில்லை. தன் கணினியிலேயே சோதனைச் சர்வர் வைத்து, தானே தயாரித்த சான்றிதழோடு எச்டிடிபி/3ஐப் பார்க்க நினைக்கிறவர்கள் முட்டிக்கொள்ளும் சுவரும் இதுவே.

சர்வர் பக்கம் ஒரே ஒரு குறிப்பு. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் 1.25.0 பதிப்பிலிருந்து எச்டிடிபி/3 உண்டு. ‘லிஸன் 443 குவிக்’ என்ற வரியைச் சேர்ப்பவர்கள் பழைய ‘லிஸன் 443 எஸ்எஸ்எல்’ வரியை எடுத்துவிடக் கூடாது, இரண்டும் வேண்டும். ஆல்ட்-எஸ்விசி ஹெடரை நாம்தான் சேர்க்க வேண்டும். கிளவுட் சர்வராக இருந்தால், மெஷினுக்குள் இருக்கும் ஃபயர்வாலைத் திறந்துவிட்டு, சேவையாளரின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் இன்னொரு ஃபயர்வாலில் யுடிபி 443ஐத் திறக்க மறப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

சரி, இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? கம்பி வழி வரும் நல்ல இணைப்பில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. பொட்டலங்கள் தொலைகிற மொபைல் இணைப்பில் இருக்கும். எச்டிடிபி/2வில் எல்லாக் கோப்புகளும் ஒரே டிசிபி குழாயில் வருகின்றன. ஒரு பொட்டலம் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். குவிக்கில் தொலைந்த பொட்டலத்துக்கு உரிய கோப்பு மட்டுமே காத்திருக்கும். தவிர, குவிக் இணைப்புக்குத் தனி அடையாள எண் உண்டு. அதனால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி ஐபி முகவரியே மாறினாலும், இரு முனையும் ஒத்துழைத்தால் அதே இணைப்பைத் தொடர முடியும்.

அந்த ஃப்ளாகில் உண்மையிலேயே பயனுள்ள தேர்வு ‘டிசேபிள்டு’தான் என்பது என் எண்ணம். குறிப்பிட்ட தளம் மட்டும் இஆர்ஆர்_குவிக்_புரோட்டோகால்_எரர் என்று நின்றால், அணைத்துப் பாருங்கள். திறந்துவிட்டால் குற்றவாளி வழியிலோ சர்வரிலோ இருக்கிறது, உங்கள் பிரவுசரில் இல்லை என்று தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் டிஃபால்ட்டுக்கே திருப்பிவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸை மூடி அனுப்புவது

தளம் எச்டிடிபிஎஸ் ஆனாலும், அதன் பெயரைக் கேட்டு அனுப்பும் டிஎன்எஸ் கேள்வி வெளிப்படையாகவே போகிறது. அதை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் வைத்து அனுப்பும் டிஓஎச் முறை 2018 அக்டோபரில் ஆர்எஃப்சி 8484 ஆக வந்தது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி, செக்யூரிட்டி என்று போனால் ‘யூஸ் செக்யூர் டிஎன்எஸ்’ இருக்கும். ஆனில்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே சேவையாளர் யார் என்பதில் உங்கள் தற்போதைய சேவையாளரே தேர்வாகியிருந்தால், அவர் டிஓஎச் தந்தால்தான் மூடிப் போகும், தராவிட்டால் பழையபடி திறந்தே போகும். உறுதியாக வேண்டுமென்றால் பட்டியலிலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் தேர்ந்தெடுத்தவர்கள் 1.1.1.1/ஹெல்ப் பக்கத்தைத் திறந்தால் டிஓஎச் எதிரே ‘எஸ்’ (ஆம்) என்று வர வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் இதை இன்னும் நுணுக்கமாக வைத்திருக்கிறது. அபவுட்:கான்ஃபிக்கில் இருக்கும் நெட்வொர்க்.டிஆர்ஆர்.மோட் என்ற எண்தான் மையம். 0 என்றால் பிரவுசரின் இயல்பு, 2 என்றால் முதலில் டிஓஎச், முடியாவிட்டால் கணினியின் சாதாரண டிஎன்எஸ், 3 என்றால் டிஓஎச் மட்டுமே, 5 என்றால் நானே அணைத்தேன் என்று பொருள். செட்டிங்ஸ் பக்கத்தில் ‘இன்க்ரீஸ்டு’, ‘மேக்ஸ்’ என்று வரும் தேர்வுகள் இந்த 2, 3 எண்களைத்தான் மாற்றுகின்றன.

‘மேக்ஸ்தானே பாதுகாப்பு’ என்று 3ஐப் போட்டுவிட்டு மறந்தவர்களுக்குச் சிக்கல் வருவது விமான நிலைய வைஃபையில். அங்கே முதலில் ஒரு லாகின் பக்கம் வந்தாக வேண்டும். பல இடங்களில் அந்தப் பக்கத்தை வரவைப்பது, நீங்கள் கேட்ட பெயருக்குப் பொய்யான டிஎன்எஸ் பதில் தரும் தந்திரம். மோட் 3 பொய்ப் பதிலை ஏற்காது, லாகின் ஆகும்வரை டிஓஎச் சர்வரை எட்டவும் முடியாது. வைஃபை முழுப் புள்ளிகளோடு இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. 2க்கு மாற்றி, லாகின் செய்து, வேண்டுமானால் மறுபடி 3க்குப் போங்கள். அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர்களும் மோட் 3இல் கிடைக்காது, வெளியே உள்ள டிஎன்எஸ்ஸுக்கு அவை தெரியாது. அந்தப் பெயர்களை நெட்வொர்க்.டிஆர்ஆர்.எக்ஸ்க்ளூடட்-டொமைன்ஸ் என்ற வரியில் காற்புள்ளி போட்டுச் சேர்த்துவிட்டால் அவற்றுக்கு மட்டும் பழைய வழியில் போகும். பெரும்பாலானோருக்கு 2 போதும். யார் எந்தத் தளத்தைத் தேடுகிறார் என்பது வெளியே தெரிந்தால் உண்மையிலேயே ஆபத்து என்கிறவர்களுக்குத்தான் 3.

ஆண்ட்ராய்டு 9 முதல் வரும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வேறு ஆள். அது டிஓடி முறையை (டிஎன்எஸ் கேள்வியை நேராக டிஎல்எஸ்ஸுக்குள் வைத்து அனுப்புவது) வைத்து எழுந்தது, போர்ட் 853. அந்தப் பெட்டியில் 8.8.8.8 என்று எண் போட்டால் ஏற்காது, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரியும் ஏற்காது. டிஎன்எஸ்.கூகுள் என்பது போல வெறும் பெயர்தான் போட வேண்டும். போர்ட் 853 அடைபட்ட வைஃபையில் கைபேசி முழுவதும் இணையம் நின்றுபோகும், ஏனென்றால் பெயரைக் கையால் கொடுத்துவிட்டால் அது சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு இறங்காது. ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தால் இறங்கும்.

டிஎன்எஸ்ஸை மூடினாலும் இன்னொரு ஓட்டை பாக்கி. டிஎல்எஸ் கைகுலுக்கலின் முதல் சேதியிலேயே தளத்தின் பெயர் திறந்து போகிறது, அதுதான் எஸ்என்ஐ. அதையும் மூடும் இசிஎச் வசதியை ஃபயர்ஃபாக்ஸ் தருகிறது, ஆனால் டிஓஎச்சும் சேர்ந்து ஓடினால்தான் இசிஎச்சால் முழுப் பயன். மூடுவதற்கான சாவி முன்பு சொன்ன எச்டிடிபிஎஸ் வகை டிஎன்எஸ் பதிவில் வருகிறது; அந்தப் பதிவே திறந்து வந்தால் மூடுவதில் அர்த்தமில்லை. தளமும் இதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். டிரேஸ் பக்கத்தில் எஸ்என்ஐ=ப்ளெயின்டெக்ஸ்ட் என்று வந்தால் ஓடவில்லை, என்க்ரிப்டட் என்று வந்தால் ஓடுகிறது.

பழசும் புதுசும் முட்டிக்கொள்ளும் டிஎல்எஸ்

பழைய பிரின்டர், பழைய ரவுட்டர், பழைய நெட்வொர்க் சுவிட்ச் இவற்றின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் குரோமில் இஆர்ஆர்_எஸ்எஸ்எல்_வெர்ஷன்_ஆர்_சைஃபர்_மிஸ்மேட்ச் வருவது தெரிந்த கதை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 அதிகாரபூர்வமாக ஓய்வுபெறச் செய்தது. ஃபயர்ஃபாக்ஸில் செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வெர்ஷன்.மின் என்பதன் இயல்பு மதிப்பு 3. இங்கே எண் கொஞ்சம் ஏமாற்றும்: 3 என்றால் டிஎல்எஸ் 1.2, 4 என்றால் 1.3, 1 என்றால் 1.0. அதை 1 ஆக்கு என்று சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. ஆக்கினால் அந்தப் பிரின்டருக்கு மட்டுமல்ல, வங்கித் தளம் உட்பட எல்லாவற்றுக்கும் தரையைத் தாழ்த்திவிட்டீர்கள். செய்தே தீர வேண்டுமென்றால் அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தில் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, மாற்றத்தை அதில் மட்டும் செய்து, அந்தக் கருவியைத் தவிர வேறெதற்கும் அதைத் திறக்காதீர்கள். கருவிக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது உத்தமம்.

எதிர்த்திசையிலும் ஒரு மோதல் நடக்கிறது. குவாண்டம் கணினிக்கும் அசையாத சாவிப் பரிமாற்றத்தைக் குரோம் 124ஆம் பதிப்பு முதல் தானாகவே ஆன் செய்தது. 131இல் அது தரநிலையான எம்எல்-கெம் ஆனது. அதன் பொதுச் சாவி மட்டுமே 1184 பைட். அதுவரை ஒரே பொட்டலத்தில் அடங்கிய டிஎல்எஸ் முதல் சேதி இப்போது இரண்டில் வருகிறது. ஒன்றுக்கு மேல் வராது என்று கணக்குப்போட்டு எழுதப்பட்ட சில பழைய சர்வர்களும் ஃபயர்வால்களும் பாதிச் சேதியைப் பார்த்துவிட்டு இணைப்பை அறுத்துவிடுகின்றன. திரையில் இஆர்ஆர்_கனெக்‌ஷன்_ரீசெட் வரும், பழைய பிரவுசரில் அதே தளம் திறக்கும். பிரவுசர் மேல் பழி விழும். தவறு அந்தப் பெட்டியில், மருந்து அதன் அப்டேட்டில். எல்லாம் சரியாக நடக்கும்போது டெவலப்பர் கருவிகளின் செக்யூரிட்டி தாவலில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று தெரியும்.

திரும்ப வராதவை

எஃப்டிபியை ஆன் செய்வது எப்படி என்று இன்னமும் கேட்கிறார்கள். அதற்குச் சுவிட்சே கிடையாது. குரோம் 95இலும் ஃபயர்ஃபாக்ஸ் 90இலும், இரண்டும் 2021இல், எஃப்டிபிக்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். ஃபைல்ஸில்லா போன்ற தனி மென்பொருள்தான் வழி. மெயில்டு (மின்னஞ்சல் எழுதத் திறக்கும்) போன்ற இணைப்புகள் வேறு: அவற்றைப் பிரவுசர் தானே கையாளாமல் ஒரு தளத்திடமோ செயலியிடமோ ஒப்படைக்கிறது. மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் குரோம்://செட்டிங்ஸ்/ஹேண்ட்லர்ஸ் பக்கத்தில் பாருங்கள். எப்போதோ அவசரத்தில் ‘பிளாக்’ அழுத்திய தளம் அங்கே இருக்கும், நீக்கிவிட்டால் அந்தத் தளம் மறுபடி அனுமதி கேட்கும்.

மாற்றங்களைத் திரும்பப் பெறுவது பற்றி. அபவுட்:கான்ஃபிக்கில் ‘ஷோ ஒன்லி மாடிஃபைடு’ என்பதை டிக் செய்தால் இயல்பிலிருந்து மாறிய வரிகள் மட்டும் வரும். அவற்றில் பிரவுசரே மாற்றியவையும் ஏராளமாகக் கலந்திருக்கும். எனவே எல்லாவற்றையும் அள்ளித் திருப்பாமல், நீங்கள் தொட்ட வரியின் வலது ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியை மட்டும் அழுத்துங்கள். குரோம் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் ‘ரீசெட் ஆல்’ ஒரே பொத்தான். அங்கே மாற்றியவற்றை நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஃப்ளாகுகளுக்குக் காலாவதி உண்டு, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்த வரியே காணாமல் போயிருக்கும்.

செட்டிங்ஸ் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று இருந்தால் வேறெங்கும் தேடுவதற்கு முன் குரோம்://பாலிஸி பக்கத்தைத் திறங்கள். குவிக்அலவ்டு, டிஎன்எஸ்ஓவர்எச்டிடிபிஎஸ்மோட் என்ற பெயர்கள் அங்கே இருந்தால் முடிவு ஐடி பிரிவில் எடுக்கப்பட்டுவிட்டது, பேச வேண்டியதும் அவர்களிடம்தான். நிறுவனத்தில் வேலையே செய்யாதவர் வீட்டுக் கணினியில் அந்த வரி தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் பாலிஸியைப் பதித்திருக்கிறது. ஆன்டிவைரஸா, கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்த வேறு ஏதாவதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.